கொழுப்பு ரிப்போர்ட்டும் மாத்திரையும்: தமிழக–கேரள எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 48 வயது. விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போய், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். தோட்டத்தில் நடந்த கேம்ப்பில் ரத்தம் எடுத்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 232, ஹெச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 260. பி.பி. 150/94. பீடிப் பழக்கம் உண்டு. சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த ரத்தம், அதனால் ரிப்போர்ட் செல்லாது என்கிறார்கள். மறுபடி எடுக்கப்போனால் ஒருநாள் கூலி போய்விடுமே?
– வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: ரிப்போர்ட் செல்லும் அம்மா. சாப்பாட்டால் கூடுவது முக்கியமாக ட்ரைகிளிசரைடு என்ற ஒருவகைக் கொழுப்புதான். மற்றவை அவ்வளவாக மாறாது. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முதல் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்கிறது. ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தால்தான் 10, 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து திரும்ப எடுக்க வேண்டும்.

மொத்தத்தில் 'நல்ல கொழுப்பு' எனப்படும் ஹெச்.டி.எல்.லைக் கழியுங்கள்: 232 − 38 = 194. ரத்தக்குழாயில் படியக்கூடிய கொழுப்பு எல்லாம் இதற்குள் அடக்கம். இதிலிருந்து ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 52-ஐக் கழித்தால் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். 142. பல லேப்களில் எல்.டி.எல். இப்படிக் கணக்குப் போட்டு எழுதுவதுதான். சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் 142-ஐவிட 194-ஐ நம்பலாம்.

ரிப்போர்ட் ஓரத்தில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் வீட்டுக்காரருக்கான அளவை அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. வேறு தொந்தரவு இல்லாதவருக்கு எல்.டி.எல். 100-க்குள் இருந்தால் போதும். சர்க்கரை நோய் போல ஆபத்தைக் கூட்டும் காரணம் உள்ளவருக்கு 70-க்குள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவருக்கு 55-க்குள். மேலே 194 என்று வந்ததே, அந்தக் கணக்குக்கு இந்த எல்லைகளோடு 30 கூட்டிக்கொள்ளுங்கள். அவருக்கு பி.பி., பீடி, குறைந்த ஹெச்.டி.எல். மூன்றும் சேர்ந்திருக்கின்றன. டாக்டர் மாத்திரை எழுத வாய்ப்பு அதிகம்.

எழுதுவதற்கு முன் ஹெச்.பி.ஏ.1.சி. (சர்க்கரை), டி.எஸ்.ஹெச். (தைராய்டு), கிரியேட்டினின் (சிறுநீரகம்), எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல்) நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால் எல்.டி.எல். தானாகவே ஏறும், அதைச் சரிசெய்தாலே இறங்கும். தைராய்டைக் கவனிக்காமல் கொழுப்பு மாத்திரையைத் தொடங்கினால் தசை வலி வரும் வாய்ப்பும் கூடுதல். பீடியை மட்டும் டாக்டரைப் பார்க்கும் நாள்வரை தள்ளிப்போட வேண்டாம். அதை விட்டால் கிடைக்கும் பலனுக்கு எந்த மாத்திரையும் மாற்று ஆகாது.

கேள்வி: வயது 56. போன வருடம் கோட்டயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரைக்குக் கம்பத்தில் ஒரு டாக்டரைப் பார்க்கிறேன். இரண்டு மாதமாகத் தொடை, கெண்டைக்கால் எல்லாம் வலி. கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், குமுளி

பதில்: நிறுத்துவதற்கு முன் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்புங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் அடியில் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். ஒன்றில் 'ஆட்டோர்வாஸ்டாட்டின்', இன்னொன்றில் 'ரோசுவாஸ்டாட்டின்' என்று இருந்தால் ஸ்டாட்டின் என்ற ஒரே வகைக் கொழுப்பு மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிடுகிறீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர், இந்தப் பக்கம் ஒரு டாக்டர், ஒருவர் சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை என்றால் நடப்பது இதுதான். ஆஸ்பிரினோடு சேர்த்து ஒரே கேப்சூலாக வரும் மருந்துக்குள்ளும் ஸ்டாட்டின் இருக்கலாம். அந்த அட்டையையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு இருந்தால், எதைத் தொடர்வது என்று அன்றைக்கே ஸ்டென்ட் டாக்டரிடம் போனிலாவது கேளுங்கள். ஒன்றுதான் என்றால் வலிக்கு சி.பி.கே. (தசைச் சேதத்தைக் காட்டும் டெஸ்ட்), டி.எஸ்.ஹெச்., வைட்டமின் டி பார்த்துவிட்டு டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். சிறுநீர் கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனால், எழுந்து நிற்கவே பலமில்லை என்றால், காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அண்மையில் கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆட்டோர்வாஸ்டாட்டினோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும்.

ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டாட்டினைத் தானாக நிறுத்தவே கூடாது. மாத்திரையால்தான் எல்.டி.எல். இறங்கியிருக்கிறது, நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். 55-க்குள் வரவில்லை என்றாலும் ஒரே மருந்தை ஏற்றிக்கொண்டே போவதில் பெரிய லாபமில்லை. அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவீதம்தான். எசெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தை 10 மி.கி. சேர்த்தால் இன்னும் 15 முதல் 20 சதவீதம் குறையும். இதை டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லாச் சமையலும் தேங்காயெண்ணெயில்தான். அதில் கொலஸ்ட்ராலே இல்லை என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே?
– வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. தேங்காயெண்ணெயில் அது 80 சதவீதத்துக்கும் மேல். நல்லெண்ணெயில் சுமார் 15. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும் வேலையைக் கல்லீரல் குறைத்துக்கொள்ளும். எல்.டி.எல். ஏறியவர்கள் வீட்டில் தினசரிச் சமையலைக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய்க்கு மாற்றுங்கள். அவியலுக்குக் கடைசியில் ஊற்றும் ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய் இருந்துவிட்டுப் போகட்டும். எந்த எண்ணெயானாலும் தலைக்கு மாதம் அரை லிட்டர். மத்திமீன் நல்லதுதான், குழம்பாக வைத்தால். ட்ரைகிளிசரைடு ஏறியவர்களுக்கு எண்ணெயைவிட சர்க்கரை போட்ட டீ, கப்பைக்கிழங்கு (மரவள்ளி), குவித்து வைக்கும் சோறு, கள்ளு, பிராந்தி இவைதான் முக்கியக் காரணம்.

கேள்வி: இதற்கு ஹார்ட் டாக்டரிடம்தான் போக வேண்டுமா? எங்கள் பக்கம் யாரைப் பார்ப்பது?
– வாசகர், உத்தமபாளையம்

பதில்: பெரும்பாலானவர்களுக்கு எம்.டி. பொது மருத்துவம் படித்தவர் போதும், அனுபவமுள்ள எம்.பி.பி.எஸ். டாக்டரும் பார்ப்பார். மாரடைப்பு வந்தவர்கள், எல்.டி.எல். 190-க்கு மேல் உள்ளவர்கள், இரண்டு மருந்து கொடுத்தும் இறங்காதவர்கள் இதய நிபுணரைப் பார்க்கட்டும். சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

காசு செலவழிக்காமல் தொடங்க ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவுக்குப் போங்கள். அங்கிருந்து கம்பம் அரசு மருத்துவமனை, அதற்கும் மேல் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கேரளப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் குடும்ப ஆரோக்கிய மையங்களில் சாயங்காலமும் ஓ.பி. உண்டு; வேலை முடிந்து போகிறவர்களுக்குத் தோது. ஆட்டோர்வாஸ்டாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஜன் ஔஷதி கடையிலோ முதல்வர் மருந்தகத்திலோ மருந்துப் பெயரைச் சொல்லிக் கேட்டால் விலை நன்றாகக் குறையும்.

முதல் தடவை போகும்போது பழைய ரிப்போர்ட், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். "எனக்கு எல்.டி.எல். எவ்வளவுக்குள் வரணும்? அடுத்த டெஸ்ட் எப்போ?" என்று கேளுங்கள். பதிலாக ஒரு எண்ணும் ஒரு தேதியும் வர வேண்டும். மாத்திரை தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை; அளவு நிலைத்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை போதும். அடுத்த டெஸ்ட்டைப் பற்றிப் பேசாமல் மாத்திரை மட்டும் எழுதித் தருபவரிடம் தொடர வேண்டாம்.

கேள்வி: எனக்கு 29 வயது, ஒல்லியான உடம்பு. எல்.டி.எல். 214. அப்பா 41 வயதில் மாரடைப்பில் இறந்தார். கல்யாணம் ஆகி ஒரு வருடம்.
– வாசகி, போடி

பதில்: இது பரம்பரைக் கொழுப்பு மிகை நோயாக இருக்கலாம். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால் மட்டும் இறங்காது. நேராக இதய நிபுணரைப் பாருங்கள். குதிகால் தசைநார் தடித்திருக்கிறதா, கண்ணிமையில் மஞ்சள் திட்டு இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். பரம்பரையாக வரும் இன்னொரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன் 'ஏ' அளவை ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கர்ப்பகாலத்தில் பொதுவாக ஸ்டாட்டினை நிறுத்தி வைப்பார்கள். உங்களுக்கு இந்த நோய் இருந்தால், கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவர்களையும் இந்த மாதமே ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.