சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? சில கேள்விகள், என் பதில்கள்

ஐந்து வயது மகன் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்றுவலி என்கிறான். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நடிக்கிறானா?

நடிப்பு இல்லை, வலி நிஜம். பயத்தில் வயிறு பிசைவது நமக்கும் உண்டே. "பயமாக இருக்கிறது" என்று சொல்லத் தெரியாத வயதில் வயிறுதான் பேசும். விடுமுறை நாளில் வலி வருகிறதா என்று கவனியுங்கள்.

பத்து மாதக் குழந்தை, நான் அறையை விட்டு நகர்ந்தாலே அலறுகிறாள்.

அந்த வயதுக்கு அது இயல்பு. தானாகக் குறையும்.

எங்கள் காலத்தில் இப்படி இல்லையே, மொபைல்தானே காரணம்?

பழியை எல்லாம் அதன் தலையில் கட்ட மாட்டேன். அன்றும் பயந்த பிள்ளைகள் இருந்தார்கள். "கூச்ச சுபாவம்" என்று விட்டுவிட்டோம். 2 முதல் 4 வயதுவரை திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. திரை எதைத் தின்கிறது என்பதுதான் என் கவலை: தூக்கம், அப்புறம் விளையாட்டு. பெரியவர்கள் மேற்பார்வை இல்லாத விளையாட்டு குறைந்துபோனது பிள்ளைகளின் மனநலம் கெடுவதற்கு முக்கியக் காரணம் என்று அமெரிக்க உளவியலாளர் பீட்டர் கிரேயும் இன்னும் இருவரும் 2023இல் எழுதினார்கள். முடிந்த முடிவல்ல, ஆனாலும் நான் அவர்கள் கட்சி. சுவரில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் விழிக்கும் பிள்ளை, தானே ஒரு காலைத் தொங்கவிட்டுத் துழாவி இறங்கும்போது கற்பதை நாம் சொல்லிக்கொடுக்க முடியாது. நாமோ ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறோம்.

நானும் பயந்த சுபாவம். என்னிடமிருந்து வந்ததா?

கொஞ்சம் வந்திருக்கலாம். நாலு மாதக் குழந்தைகளிலேயே ஏறத்தாழ 5இல் ஒன்று புதுச் சத்தம், புதுப் பொம்மைக்குக் கைகால் உதறி அழுவதை உளவியலாளர் ஜெரோம் கேகன் கண்டார். அவர்களில் பலர் பின்னாளில் கூச்சப்பட்டார்கள், எல்லோரும் அல்ல. நாய் எதிரே வரும்போது பிள்ளையின் கையை நீங்கள் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்றும் பாருங்கள்.

பயந்தால் விட்டுவிடுவதா, தள்ளிவிடுவதா?

இரண்டும் வேண்டாம். விழா வாசலில் அழுகிறது என்று திரும்பி வந்தால் அழுகை நிற்கும், "ஓடினால் தப்பிக்கலாம்" என்ற பாடம் தங்கிவிடும். அடுத்த முறை வாசலுக்கே வராது. பத்து நிமிடம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் லெபோவிட்ஸ் குழு நடத்திய ஆய்வில், பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததே பிள்ளைக்கு நேரடிச் சிகிச்சை கொடுத்த அளவுக்குப் பலன் தந்தது.

எப்போது நிபுணரிடம் போவது?

நாலு வாரமாகியும் குறையவில்லை, தூக்கமோ சாப்பாடோ பள்ளியோ கெடுகிறது என்றால் போய்விடுங்கள். உடனே மாத்திரை தருவார்களோ என்று பயப்பட வேண்டாம். இந்த வயதில் பேச்சும் விளையாட்டும்தான் முதலில்.