அனானியைச் சிறையில் வைத்துவிட்டேனா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 57 வயது. 22 வருடங்களுக்கு முன் ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்த சபையை இன்றும் நடத்திவருகிறேன். போன வருடம் ஆலயக் கட்டடம் கூரை மட்டத்தோடு நின்றுபோனது. கமிட்டியிடம் சொல்லாமல் சபை நிலத்தின் பத்திரத்தை அடகு வைத்து வட்டிக்குப் பணம் வாங்கினேன். கான்கிரீட் போட்டாயிற்று. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

எங்கள் மூப்பர் ஓய்வுபெற்ற வாத்தியார். முதல் கொட்டகைக்கு என்னோடு மூங்கில் சுமந்தவர். கமிட்டிக் கூட்டத்தில் அவர், "பாஸ்டர், பத்திரம் எங்கே?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அடுத்த ஞாயிறு, அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடக்கூடாது என்ற வசனத்தை எடுத்து, அவர் முகத்தைப் பார்த்தே பிரசங்கித்தேன். அந்த மாதமே அவரைக் கமிட்டியிலிருந்து நீக்கினேன். அவர் சபையை விட்டுப் போகவில்லை. செருப்பு விடும் வாசலோரம் கடைசிப் பாயில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

12 வருடமாக எனக்குச் சர்க்கரை. பத்து நாளாக வலது காலில் ஒரு புண். போன வாரம் குடும்ப ஜெபத்தில் மகள் வேதத்தில் இரண்டாம் நாளாகமம் 16-ஐ வாசித்தாள். யூதாவின் ராஜா ஆசா தன்னைக் கண்டித்த அனானி தீர்க்கதரிசியைக் காவலறையில் வைத்தான், பிறகு ஆசாவின் கால்களில் வியாதி கண்டது என்ற இடம் வந்ததும் நிறுத்தி, கட்டுப்போட்ட என் காலைப் பார்த்தாள். அன்றிலிருந்து தூக்கமில்லை. இது தேவதண்டனையா? மூப்பரிடம் மன்னிப்புக் கேட்டால் ஜனங்கள் என்னை மதிப்பார்களா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு போதகர்

அன்புள்ள பாஸ்டர் ஐயா,

முதலில் கால். பல வருடம் சர்க்கரை இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகலாம். வலி இல்லை என்பதால் புண் சிறியது என்று இருந்துவிடாதீர்கள். நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மேடையில் வெறுங்காலோடு நிற்பதையும் விட்டுவிடுங்கள். ஆசா கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளை, அதாவது வைத்தியர்களையே தேடினான் என்பதுதான் அங்கே குறை. வைத்தியம் பார்த்தது குறையல்ல. அனானியைச் சிறைவைத்ததால்தான் வியாதி வந்தது என்றும் அந்த அதிகாரம் சொல்லவில்லை. உங்கள் புண்ணைத் தண்டனை என்று நினைத்துப் பயந்துகொண்டே வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆசாவிடம் என்னைக் கலங்கவைப்பது வேறு. அவன் கெட்ட ராஜா இல்லை. எத்தியோப்பியனாகிய சேரா பத்து லட்சம் பேரோடு யூதாவின் மரேஷா ஊர்வரை படையெடுத்து வந்தபோது கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டவன். விக்கிரகம் வைத்ததற்காகத் தன் தாய் மாகாளையே ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து விலக்கியவன். அந்த நாட்களில் அசரியா தீர்க்கதரிசி வந்து எச்சரித்தபோது காதுகொடுத்துக் கேட்டான், திடன்கொண்டான். அதே ஆசாதான் தன் ஆட்சியின் 36-ம் வருடத்தில், இஸ்ரவேலின் ராஜா பாஷா ராமா என்ற ஊரைக் கட்டி யூதாவின் வழியை அடைத்ததும், ஆலயப் பொக்கிஷத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து தமஸ்குவிலிருந்த சீரியா ராஜா பெனாதாத்துக்கு உதவி கேட்டு அனுப்பினான். திட்டம் பலித்தது. பாஷா போட்டுவிட்டுப் போன கல்லையும் மரத்தையும் கொண்டுவந்து ஆசா கேபா, மிஸ்பா என்ற ஊர்களைக் கட்டிக்கொண்டான். காரியம் ஜெயமான அந்த நேரத்தில்தான், கர்த்தரை விட்டுச் சீரியா ராஜாவை நம்பினாய் என்று கண்டிக்க அனானி வந்து நிற்கிறார். தோற்றவனாக இருந்தால் ஒருவேளை கேட்டிருப்பான். உங்கள் கூரையும் எழும்பிவிட்டது, ஐயா. அதனால்தான் பத்திரத்தைப் பற்றிய கேள்வி உங்களுக்கு நன்றிகெட்டதனமாகத் தோன்றியிருக்கிறது.

"பத்திரம் எங்கே?" என்பதற்கு ஒரே வரியில் பதில் இருந்தது. அதைச் சொல்ல முடியாத வெட்கம்தான் உடம்பைக் கொதிக்கவைத்தது. தாங்க முடியாத வெட்கம் சட்டென்று கோபமாக மாறிவிடும். ஊழியத்தில் இருப்பவர்கள் அதைப் பரிசுத்த வைராக்கியம் என்றே நம்பிவிடுவார்கள். ஆசா அனானியோடு நிறுத்தவில்லை, அக்காலத்தில் ஜனங்களில் சிலரையும் ஒடுக்கினான். மூப்பரை நீக்கியபிறகு உங்கள் கமிட்டியில் யாராவது கேள்வி கேட்டார்களா? யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் எடுத்த வசனம் சங்கீதம் 105-ல் வருகிறது. ஆபிரகாமும் அவர் வீட்டாரும் கொஞ்சப் பேராக, பரதேசிகளாக அலைந்தபோது அவர்களை ஒடுக்கவிடாமல் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்ட இடம் அது. அங்கே அதிகாரத்தில் இருந்தவர்கள்தான் எச்சரிக்கப்படுகிறார்கள். உங்கள் சபையில் அந்த நாள் மைக் யார் கையில் இருந்தது?

மதிப்புப் பற்றிக் கேட்டீர்கள். "பாவஞ்செய்தேன்" என்று தாவீது ராஜா, தன்னைக் கண்டித்த நாத்தான் தீர்க்கதரிசியிடம் சொன்னார். சவுல் ராஜாவும் சாமுவேல் தீர்க்கதரிசியிடம் அதையே சொன்னான். ஆனால் என் ஜனத்தின் மூப்பர் காணும்படி என்னைக் கனம்பண்ணும் என்று கூடவே கேட்டான். உங்கள் இரண்டாவது கேள்வியில் சவுலின் குரல் கேட்கிறது. இதைச் சொல்ல எனக்கும் வருத்தம்தான்.

தனியாக அவர் வீட்டுக்குப் போங்கள். எடுத்தவுடன் ஜெபிக்க வேண்டாம், அது அவர் வாயை அடைத்துவிடும். "பத்திரத்தை அடகு வைத்தேன், மறைத்தேன், கேட்ட உங்களை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினேன்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். 'ஆனால்' என்ற சொல் வேண்டாம். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அவமானப்படுத்தியது மேடையில் என்பதால் மன்னிப்பையும் அதே மேடையில் கேளுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை எப்போது என்பதை எழுதிக் கமிட்டி கையில் கொடுங்கள். கணக்குப் புத்தகம் இனி உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.

ஆசாவுக்குக் காலில் வியாதி கண்டது 39-ம் வருடத்தில், அவன் மரித்தது 41-ல். அந்த இடைவெளியில் அனானியை விடுவித்தான் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. உங்கள் மூப்பர் ஞாயிறுதோறும் வாசலோரப் பாய்க்கு வந்துகொண்டிருக்கிறார், ஐயா.

டாக்டர் காலைப் பார்த்து என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.