உத்தரவாதம் வங்கிக்கு, சிபில் கறை உங்களுக்கு

கேள்வி: 2017-ல் பொறியியல் படிக்க 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கல்விக் கடன் வாங்கினேன். 10.5 சதவீத வட்டி. அப்பாவும் கையெழுத்துப் போட்டார். படித்தவரைக்கும் வட்டியை அரசு மானியமாகக் கட்டிவிட்டது. 2022 ஜூனில் தவணை தொடங்கியது. அப்போது வேலை இல்லை. "இது அரசு உத்தரவாதம் உள்ள கடன், கட்டாவிட்டால் அரசு கொடுத்துவிடும், சிபிலில் வராது" என்று விண்ணப்பம் எழுதித் தந்தவர் சொன்னார். தேர்தல் வந்தால் தள்ளுபடி ஆகும் என்று அப்பா சொன்னார். 40 மாதமாக ஒன்றும் கட்டவில்லை. இப்போது ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் 16 ஆயிரம் சம்பளம். வங்கி கிளார்க் தேர்வுக்கும் படித்து வருகிறேன். அப்பா தறிக்காக நெசவாளர் முத்ரா கடன் கேட்டபோது, சிபில் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2 லட்சத்து 10 ஆயிரம் ஒரே தடவையாகக் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்று வங்கியிலிருந்து போன் வருகிறது. கட்டிவிடலாமா? – வாசகி, குடியாத்தம்

பதில்: அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுத்து, இரண்டு காகிதங்களைக் கையில் வாங்கிய பிறகு முடிவெடுங்கள். அதற்கு முன்னால் அந்த "அரசு உத்தரவாதம்" விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குடியாத்தத்திலும் பேர்ணாம்பட்டிலும் இதை நம்பிக் கெட்ட குடும்பங்கள் நிறைய இருக்கும்.

ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல் தரும் கல்விக் கடனுக்கு 2015 முதல் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. கடன் வராமல் போனால் பாக்கியில் 75 சதவீதம் வரை அந்த நிதி வங்கிக்குத் தரும். வங்கிக்குத்தான், உங்களுக்கு அல்ல. அந்தத் தொகையைக் கேட்க வேண்டுமென்றால் வங்கி முதலில் உங்கள் கணக்கை வாராக்கடன் என்று அறிவித்தாக வேண்டும். அதாவது உத்தரவாதம் வேலை செய்யத் தொடங்கும்போது உங்கள் பெயர் ஏற்கெனவே கெட்டிருக்கும். நிதி பணம் கொடுத்த பிறகும் உங்கள் கடன் தீராது. வங்கி உங்களிடம் தொடர்ந்து வசூலிக்கும், வசூலானதில் நிதிக்குரிய பங்கைத் திருப்பிக் கொடுக்கும். வட்டி மானியமும் அப்படித்தான். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் சேரும் வட்டிக்கு மட்டும் அது உண்டு. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. தள்ளுபடி பற்றி: அரசாணை வந்து, உங்கள் கிளையில் உங்கள் கணக்கில் வரவு விழும்வரை அது பேச்சுதான். அதற்காகக் காத்திருந்த 40 மாதமும் கடன் தகவல் அறிக்கையில், அதாவது எல்லோரும் சிபில் என்று சொல்வதில், ஒவ்வொன்றாக ஏறியிருக்கிறது.

எப்படி ஏறியது என்று பாருங்கள். பத்தாண்டில் கட்டுவதாக வைத்தால் உங்கள் தவணை மாதம் சுமார் 4,320 ரூபாய். முதல் தவணை தவறி 30 நாள் வரை ஒரு படி, 60 நாள் வரை அடுத்த படி, 90 நாள் வரை மூன்றாம் படி. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். உங்களுக்கு அது 2022 செப்டம்பரிலேயே நடந்திருக்கும். அறிக்கையில் மாதத்துக்கு ஒரு கட்டமாகக் கடைசி 36 மாதக் கட்டங்கள் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் மூன்று பூஜ்யம். தவறினால் எத்தனை நாள் பாக்கி என்ற எண், இல்லையென்றால் எஸ்.யு.பி., டி.பி.டி. போன்ற எழுத்துகள். முதலாவது தரம் குறைந்த கடன், இரண்டாவது வருமா என்பதே சந்தேகமான கடன். வாராக்கடனாகி ஓராண்டு ஆனால் இரண்டாவதுக்கு இறங்கும். எக்ஸ் எழுத்து மூன்று முறை இருந்தால் அந்த மாதம் வங்கி தகவலே அனுப்பவில்லை என்று பொருள். அதனால் பயப்பட வேண்டாம்.

அப்பாவை ஏன் பிடிக்கிறார்கள் என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். கல்விக் கடனில் பெற்றோர் வெறும் சாட்சி அல்ல, கூட்டுக் கடன்தாரர். ஒரே கணக்கு இருவர் அறிக்கையிலும் அதே கட்டங்களோடு இருக்கும். தறி ஓட்டும் உங்கள் அப்பா ஒரு நாள்கூட யாருக்கும் பாக்கி வைக்காதவராக இருக்கலாம். கணினிக்கு அது தெரியாது.

இனி அந்த இரண்டு காகிதங்கள். முதலாவது, கடன் தகவல் அறிக்கை. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர்களுடைய சொந்த இணையதளத்தில் பான் எண், பிறந்த தேதி, கைப்பேசி எண் கொடுத்து எடுங்கள். அப்பாவுக்கும் தனியாக எடுங்கள். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர், அதாவது கடன் மதிப்பெண், குறையாது. குறைப்பது, ஒன்று மாற்றி ஒன்றாக வங்கிகளில் கடன் கேட்டு விண்ணப்பிப்பது. அப்பாவை இப்போதைக்கு வேறு எந்த வங்கிப் படியும் ஏற வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

அறிக்கையில் தவறு இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களில் ஒரு தொல்லை உண்டு. கல்லூரியில் சேர்ந்தபோது முதலெழுத்தோடு ஒரு பெயர், பின்னால் எடுத்த பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாகச் சேர்த்து இன்னொரு பெயர். இதனால் வேறு யாருடைய கடனாவது உங்கள் அறிக்கையில் ஒட்டியிருக்கலாம். 2020 ஏப்ரலில் பல பொதுத்துறை வங்கிகள் இணைந்தன. உங்கள் வங்கியும் அதில் ஒன்றென்றால், ஒரே கடன் பழைய எண்ணிலும் புதிய எண்ணிலும் இரண்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு 80 ஆயிரமாக நான்கு தடவை கொடுத்த பணத்தை நான்கு கடனாகக் காட்டியிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். கடனையே வங்கி வேறொரு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் அறிக்கையில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். அப்படியானால் பேசவேண்டிய இடமும் பணம் கட்டவேண்டிய இடமும் அதுதான், பழைய கிளை அல்ல.

இரண்டாவது காகிதம், கிளையில் வாங்கவேண்டிய கணக்கு விவரம். ஒரு கடிதம் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதில் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: கணக்கு வாராக்கடனான தேதி, இன்று வரை தவறிய தவணைகளின் மொத்தம், கணக்கில் ஏற்றாத வட்டி எவ்வளவு, முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பப்பட்டதா. கணக்கில் ஏற்றாத வட்டி என்ன என்பது பலருக்குப் புரிவதில்லை. வாராக்கடனான பிறகு வங்கி வட்டியைக் கணக்கில் சேர்ப்பதை நிறுத்திவிட்டுத் தனியாகக் குறித்துவரும். அதனால் அறிக்கையில் 3 லட்சத்து 28 ஆயிரம் சொச்சம் காட்டலாம். கேட்டால் சுமார் 4 லட்சத்து 53 ஆயிரம் என்பார்கள். ஏமாற்று இல்லை. மாதவட்டிக் கணக்கில் 40 மாதத்துக்கு அவ்வளவுதான் வரும், அபராதம் தனி.

இப்போது 2 லட்சத்து 10 ஆயிரத்துக்கு வருவோம். பணக் கணக்கில் அது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி முடித்தால் அறிக்கையில் "குளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். வாங்கியதை முழுசாகத் தரவில்லை, பேசி முடித்துக்கொண்டார் என்பதே அதன் பொருள். அந்தத் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்தில் நீங்கள் வீட்டுக் கடனுக்குப் போனாலும், அப்பா தறிக் கடனுக்குப் போனாலும், மேனேஜரின் கண் முதலில் அந்தச் சொல்லில்தான் விழும்.

மாறாக, தவறிய தவணைகள் மட்டும் 40 × 4,320, அதாவது 1 லட்சத்து 72 ஆயிரத்து 800. அபராதம் கொஞ்சம் சேரும். முழுக் கடனையும் கேட்டு நோட்டீஸ் வரவில்லையென்றால், இந்தப் பாக்கியைக் கட்டி கணக்கை மறுபடி ஒழுங்கான கணக்காக்கலாம். இதில் ஒரு கண்டிப்பு உண்டு: தவறிய அசலும் வட்டியும் ஒரு ரூபாய் மிச்சமில்லாமல் தீர்ந்தால்தான் வாராக்கடன் முத்திரை போகும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. மாதம் ஐயாயிரம், பத்தாயிரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது பாக்கியைக் குறைக்கும், முத்திரையை எடுக்காது. அதன்பிறகு மீதி 80 தவணையும் தவறாமல் போக வேண்டும். அது மேலும் 3 லட்சத்து 45 ஆயிரம் ரூபாய். விலை அதிகம்தான். ஆனால் உங்களுக்கு வயது இருக்கிறது, வங்கித் தேர்வு இருக்கிறது, அப்பாவுக்குத் தறி இருக்கிறது. சீட்டுப் பணமோ சேமிப்போ கொண்டு பாக்கியைத் தீர்க்க வழியுண்டென்றால் இந்தப் பாதையையே சொல்வோம். கந்து வட்டிக்கு வாங்கி அடைக்க நினைத்தால் மட்டும் வேண்டாம்; அதற்கு செட்டில்டு மேல்.

நோட்டீஸ் வந்து வழக்கு வரை போயிருந்தால் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் நடக்கும் மக்கள் நீதிமன்றம் ஒரு வழி. கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே எழுதும் உடன்பாட்டுக்கு மேல்முறையீடு இல்லை. ஒரு தவணை தவறினால் தள்ளிய தொகை திரும்பி வந்து சேருமா என்ற வரியைப் படித்த பிறகே கையெழுத்து. தொகையைக் குறைத்து முடித்தால் அங்கேயும் செட்டில்டு என்றே பதிவாக வாய்ப்பு அதிகம்.

செட்டில்மென்ட்டுக்கே போவதென்றாலும் போனில் பேசியவரை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வங்கியின் தலைப்புத்தாளில் தொகை, கடைசித் தேதி, அறிக்கையில் என்னவென்று பதிவாகும் என்ற மூன்றும் எழுத்தில் வர வேண்டும். பணம் உங்கள் கடன் கணக்கு எண்ணில்தான் விழ வேண்டும், யாருடைய ஜிபே எண்ணிலும் அல்ல. பின்னாளில் வசதி வந்தால் வங்கி விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டி, குளோஸ்டு என்று மாற்றித் தரும்படி கேட்கலாம். அது வங்கியின் விருப்பம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் சொல்லி அவமானப்படுத்துவதும் கூடாது. "சிபிலைச் சரிசெய்து தருகிறோம்" என்று போர்டு மாட்டியிருப்பவர்களிடம் ஆதாரும் ஓ.டி.பி.யும் கொடுக்காதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. பொய்யான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம்.

திருத்தும் முறை இது. பாக்கி தீர்ந்ததும் அதற்கான கடிதம், முழுசாக முடித்தால் பாக்கியில்லை என்ற நோ டியூ சான்றிதழ், வாங்குங்கள். வங்கிகள் இப்போது குறைந்தது மாதம் இரு முறை தகவல் அனுப்ப வேண்டும். ஒரு மாதம் கழித்து அறிக்கையைப் பாருங்கள். மாறவில்லையென்றால் அந்தந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. அதற்கும் அசையவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். கட்டணமில்லா எண் 14448.

வங்கித் தேர்வை எழுதுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் பணியில் சேரும்போது கடன் வரலாறு சரியாக இருக்க வேண்டும் என்று தேர்வு அறிவிக்கையிலேயே நிபந்தனை உண்டு. அறிக்கை புதுப்பிக்கப்படாவிட்டால், பாக்கியில்லை என்று கடன் கொடுத்த வங்கியின் சான்று காட்ட வேண்டியிருக்கும். இதில் வங்கிக்கு வங்கி கண்டிப்பு வேறுபடும். பழைய தவறுகளைக் காரணம் காட்டி ஒரு பொதுத்துறை வங்கி நியமனத்தை ரத்து செய்ததை 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சரியென்றது. அந்த விண்ணப்பதாரர் கடன்களைக் கட்டி முடித்துவிட்டதாகச் சொல்லியும் பலனில்லை. ஆகவே முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், விண்ணப்பிக்கும் முன்பே பாக்கியைத் தீருங்கள்.

இதைப் படிக்கும், இன்னும் 90 நாள் தாண்டாத மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலை போனால் கிளைக்குப் போய் எழுத்தில் சொல்லுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே, வேலையில்லாத காலத்துக்குக் கடனின் ஆயுளில் இரண்டு மூன்று முறை தவணை விடுப்பு தர இடமிருக்கிறது. கேட்காதவர்களுக்கு யாரும் தருவதில்லை.

உங்கள் அப்பாவின் முத்ரா விண்ணப்பத்தை, பாக்கி தீர்ந்து அவருடைய அறிக்கையிலும் பாக்கித் தொகை பூஜ்யம் என்று மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு, அதே கிளையிலேயே கொடுங்கள். புது அறிக்கையின் நகலையும் வங்கிக் கடிதத்தையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். அப்போதும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரின் பெயருக்கு மனு கொடுங்கள்.