45 ஹெச்பி டிராக்டரால் சேற்றில் சிக்கிய அறுவடை மிஷினை இழுக்கலாமா?

இழுக்கலாம். ஆனால் இழுக்கும் இரும்புக் கம்பியை டிராக்டரில் எங்கே கட்டப் போகிறீர்கள் என்று உங்கள் கேள்வியில் எழுதவில்லை. அதனால் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. ஈரம் காயாத வயல், மிஷின்காரர் அவசரப்படுத்துவார், வரப்பில் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எங்கள் வயலிலும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் சம்பா சாய்ந்துவிட்டது. சேற்றில் புதையாமல் பெல்ட்டில் ஓடும் அறுவடை மிஷினுக்கு ஆளாளுக்கு அடிதடி. வேறு வழியில்லாமல் டயரில் ஓடும் மிஷினை இறக்கினோம். மூன்றாவது சுற்றில் முன்சக்கரம் அச்சு வரை புதைந்தது. மிஷின் மட்டும் ஏழெட்டு டன், தொட்டியில் நெல் வேறு. எங்கள் டிராக்டர் இரண்டு டன்னை ஒட்டித்தான் வரும்.

கம்பி சேற்றில் படாமல் இருக்கட்டும் என்று யாரோ சொல்ல, கலப்பையின் மேல் பிடியான டாப் லிங்க் மாட்டும் இடத்தில், அதாவது டிராக்டரின் பின் அச்சுக்கு மேலே கட்டினோம். பெரியப்பா மகன் அண்ணன்தான் ஓட்டினார். சக்கரம் வழுக்காமல் இருக்க வைக்கோலும் போட்டிருந்தோம். அவர் கிளட்சை விட்டதும் பின்சக்கரம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மிஷின் அசையவில்லை. டிராக்டரின் மூக்கு மேலே எழும்பியது. என் தலை உயரத்துக்கு முன்சக்கரம் போனதைப் பார்த்தேன். அண்ணன் கிளட்சை மிதித்துவிட்டார், வண்டி தடாலென்று கீழே விழுந்தது. இறங்கி வந்தவர் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை.

பின்சக்கரம் சுற்ற முடியாதபோது இன்ஜினின் பலம் எங்கேயாவது போயாக வேண்டும். அது டிராக்டரின் உடம்பையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. கட்டு அச்சுக்கு மேலே இருந்தால் இழுவையும் சேர்ந்து பின்னால் கவிழ்க்கிறது. ஓரிரு நொடியில் முடிந்துவிடும். எங்கள் அண்ணனுக்குக் கால் கிளட்சிலேயே இருந்ததால் தப்பித்தார், அவ்வளவுதான்.

“இருபது வருஷமா மேலேதான் கட்டுறேன், ஒண்ணும் ஆகலை” என்று இங்கே யாராவது எழுதுவார்கள். அவர்கள் அனுபவத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. சக்கரம் வழுக்கியதால் தப்பித்திருப்பார்கள். அது நன்றாகப் பிடிக்கும் நாளில்தான் ஆபத்து. இதே காரணத்தால், டிராக்டர் சிக்கினால் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் ஏற்றுவதும் கூடாது. ரிவர்ஸில் எடுக்கப் பாருங்கள்.

அப்புறம் நாங்கள் செய்தது இது. தொட்டி நெல்லை முதலில் சாக்கில் இறக்கினோம். சக்கரத்தைச் சுற்றி மண்ணை வெட்டி, வந்த வழியிலேயே பின்னால் வரச் சரிவு போட்டோம். கம்பியை அச்சுக்குக் கீழே இருக்கும் டிராபாரில், அதாவது இழுவைச் சட்டத்தில் கட்டி, லோ முதல் கியரில் தொய்வை மெதுவாக எடுத்து இழுத்தோம். கம்பி மேல் ஈரச்சாக்கைப் போட்டு, அதன் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஆட்களை விரட்டினேன். அறுந்த கம்பி ஆளை வெட்டும். முன்சக்கரம் லேசாக எழும்பினாலும் கிளட்சை மிதிக்கச் சொல்லியிருந்தேன். இரண்டாவது முயற்சியில் மிஷின் வெளியே வந்துவிட்டது. வராவிட்டால் பொக்லைனைக் கூப்பிடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

ரோட்டில் டிரெய்லர் இழுப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இடது, வலது பின்சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள், இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறையுங்கள், நியூட்ரல் வேண்டவே வேண்டாம். நம் ஊர் டிரெய்லர் பலவற்றில் பிரேக்கே கிடையாது, பாரம் முழுக்க டிராக்டரைத் தள்ளும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இன்னும் வயிறு எரிகிறது. மிஷின் சேற்றில் கிடந்த மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்து வாடகை வாங்கிக்கொண்டார் மிஷினைப் பேசிவிட்ட புரோக்கர். இழுத்தது எங்கள் டிராக்டர், டீசல் எங்களுடையது, உயிரைப் பணயம் வைத்தது எங்கள் அண்ணன். அறுத்த நேரத்துக்கு மட்டும்தான் காசு என்று மிஷின் வயலில் இறங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.