பரிசோதனைக்குப் பணம் கட்டுமுன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 11ஆம் வாரத்தில் என் மனைவிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க ‘அதிக வாய்ப்பு’ என்று வந்திருக்கிறது. சோதனை 99 சதவீதம் துல்லியமானதாம். அப்படியானால் உறுதிதானா?

பதில்: உறுதி இல்லை. பாதிப்புள்ள 100 கருக்களில் ஏறக்குறைய 99ஐ அச்சோதனை பிடித்துவிடும் என்பதே அந்த எண்ணின் பொருள். இதை விளக்காமல் விற்றவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். 1,000 கருக்களில் ஒன்றுக்கு மட்டுமே பாதிப்பு இருக்கக்கூடிய வயதில் தாய் இருக்கும்போது, சோதனை 1,000க்கு ஒன்றைத் தவறாகச் சுட்டினாலும், ‘அதிக வாய்ப்பு’ என்று வரும் முடிவுகளில் ஏறக்குறைய பாதி பொய்யாகிவிடும். நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 15ஆம் வாரத்திலிருந்து பனிக்குட நீரை எடுத்தோ பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். அதுவரை எந்த முடிவும் எடுக்காமல், மரபியல் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யுமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகனுக்குச் சலுகையில் 70 சோதனைகள் கொண்ட ‘முழு உடல்’ தொகுப்பு எடுத்தோம். அல்கலைன் பாஸ்பட்டேஸ் சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. கல்லீரல் நோயா?

பதில்: பையனுக்கு என்ன தொந்தரவு என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த நொதி வளரும் எலும்பிலிருந்தும் வருவதால், குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் நஞ்சுக்கொடியின் காரணமாக அது உயரும். அறிக்கையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு ஆறு வயதுக்குரியதா என்று முதலில் பாருங்கள். இத்தொகுப்புகள்மீது எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. ஆரோக்கியமான 100 பேரில் 95 பேர் அடங்கும்படியே இயல்பு அளவை வகுக்கிறார்கள் என்பதால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை நல்ல ஆரோக்கியமுள்ள குழந்தைக்குச் செய்தாலும், ஒன்றாவது சிவப்பாக வருவதற்கு ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு உண்டு. நீங்கள் 70 வாங்கியிருக்கிறீர்கள்! ஒவ்வொரு சிவப்புக்கும் மறுபடி ஓர் ஊசி, மறுபடி ஒரு கட்டணம். குழந்தையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் எழுதித்தராத சோதனையை எண்ணிக்கைக்காக வாங்காதீர்கள்.

கேள்வி: ஐஜிஜி (ரத்தத்திலுள்ள ஒரு வகை எதிர்ப்பொருள்) உணவுச் சோதனையில் பால், கோதுமை, முட்டை மூன்றும் மகளுக்கு ஆகாது என்று வந்தது. இதுவரை அவற்றைத் தொந்தரவின்றிச் சாப்பிட்டவள்தான். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அவற்றைச் சாப்பிட்டிருக்கிறாள் என்பதைத்தான் அது காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது.

கேள்வி: வயிற்றிலுள்ள குழந்தையின் அசைவு நேற்றிலிருந்து குறைந்திருக்கிறது. வீட்டிலுள்ள டாப்ளர் கருவியில் துடிப்பு கேட்கிறது. காத்திருக்கலாமா?

பதில்: இவருக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. அசைவு குறைந்தால் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவியில் கேட்பது தாயின் நாடியாகவும் இருக்கலாம். குழந்தையின் துடிப்பாகவே இருந்தாலும் அது நலமாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது.

கேள்வி: மொத்தமாக வாங்கிய கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில், சில மணி நேரம் கழித்து மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. பட்டை பழுதா?

பதில்: உறையில் குறித்த நிமிடங்களுக்குப் பின் தெரியும் கோடு, ஈரம் காய்ந்த தடமாக இருக்கலாம். இரண்டொரு நாள் கழித்துக் காலையில் புதிய பட்டையில் பாருங்கள், காலாவதித் தேதியையும் பார்த்துக்கொண்டு. மலிவு என்று நான் மொத்தமாக வாங்கிய சர்க்கரைச் சோதனைப் பட்டைகளில் பாதி, அந்தத் தேதி கடந்து குப்பைக்குத்தான் போயின.