தங்கம் வாங்கியவள் ஏன் அழுகிறாள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஹிபிகே! யூஃபோனியம்’ என்ற ஜப்பானிய அனிமே (அசைபடத்) தொடரின் முதல் அத்தியாயத்தை நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து பார்த்தேன். தொடக்கக் காட்சி முடிவதற்குள்ளேயே எங்களுக்குள் வழக்கு மூண்டுவிட்டது. பள்ளி இசைக்குழு தங்கப் பரிசு பெறுகிறது. எல்லோரும் ஆர்ப்பரிக்கிறார்கள். ரெய்னா என்ற பெண் மட்டும் அழுகிறாள். பக்கத்தில் நிற்கும் கதாநாயகி கூமிகோ, “நாம் தேசியப் போட்டிவரை போவோம் என்று நிஜமாகவே நினைத்தாயா?” என்று கேட்டுவிடுகிறாள். நண்பர்கள் இருவர் ரெய்னாவைத் தலைக்கனம் பிடித்தவள் என்றார்கள். தோழி ஒருத்தி கூமிகோவை நெஞ்சில் ஈரமில்லாதவள் என்றாள். நான்காமவர் ‘கே-ஆன்’ என்ற இனிமையான இசை மன்றத் தொடர் போன்ற ஒன்றை எதிர்பார்த்து வந்தவர். எதுவுமே நடக்கவில்லை என்று சலித்துக்கொண்டார். எனக்கோ, தங்கம் வாங்கியவள் ஏன் அழ வேண்டும் என்பதே விளங்கவில்லை. பார்வையாளரை இப்படித் திணறடிப்பது தொடக்கத்தின் குறை அல்லவா?

அன்புடன்,
ஸ்ரீ.

அன்புள்ள ஸ்ரீ,

உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற நால்வரின் தீர்ப்புகளும் அதற்கான விடையைப் பொறுத்தே நிற்கின்றன. நம் மனத்தில் தங்கம் என்றால் முதலிடம். ஓட்டப்பந்தயத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைப்பது. இந்தக் கதையில் வரும், ஜப்பானின் அகில தேசியக் காற்றிசைக் குழுப் போட்டியில் (காற்றுக் கருவிகளை முதன்மையாக வாசிக்கும் குழுக்களுக்கானது) அப்படி இல்லை. 1940-இல் தொடங்கி, போரினால் நின்று, 1956-இல் மீண்டும் உயிர்பெற்ற அந்தப் போட்டியில், மேடையேறும் குழுக்கள் அவற்றின் தரத்தைப் பொறுத்துத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற மூன்றில் ஒன்றைப் பெறுகின்றன. ஆகவே ஒரே நாளில் பல பள்ளிகள் தங்கத்தோடு வீடு திரும்பலாம். ஆனால் அந்தத் தங்கப் பள்ளிகளிலிருந்து ஒருசில மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் பிரதிநிதிகளாகத் தேர்வு பெறும். கியோட்டோ பள்ளி ஒன்று மாகாணப் போட்டியையும், பிறகு கன்சாய் வட்டாரப் போட்டியையும் தாண்டினால்தான் தேசிய மேடையைக் காண முடியும். தங்கமும் கிடைத்து மேலே செல்லும் வாய்ப்பும் கிடைக்காமல் போவதற்கு அந்த மாணவர்களிடையே ஒரு சொல்லே இருக்கிறது: ‘தமெகின்’. உதவாத தங்கம் என்று சொல்லலாம். ஏராளமான பள்ளிகளில் காற்றிசைக் குழு இருக்கும் நாட்டில் இச்சொல்லுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. கோடை விடுமுறை முழுவதையும் பன்னிரண்டு நிமிட வாசிப்புக்காகச் செலவிட்டவர்களுக்கு அதன் கசப்பு தெரியும்.

இப்போது காட்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஆர்ப்பரிக்கும் கூட்டம் தங்கத்தைக் கொண்டாடுகிறது, ரெய்னா அந்தத் தங்கத்தில் இருக்கும் ‘உதவாத’ என்ற அடைமொழியைக் கேட்டு அழுகிறாள். இருவரும் அறிந்த செய்தி ஒன்றே. அவள் பயன்படுத்தும் ‘குயாஷீ’ என்ற ஜப்பானியச் சொல்லை ஆங்கில வசன வரிகள் விரக்தி என்பது போலக் கடந்து செல்கின்றன. துயரமும் தன்மீதான சினமும் கைநழுவியதை எண்ணிக் குமைவதும் கலந்த நிலை அது. நம்மிடம் அதற்கு ‘ஆற்றாமை’ என்ற நல்ல சொல் இருக்கிறது. தலைக்கனம் பிடித்தவள் பிறரைவிடத் தான் மேல் என்று எண்ணுவாள். ஆற்றாமையில் வேகிறவளுக்குப் பிறரை நினைக்கவே நேரமிருக்காது. உங்கள் நண்பர்கள் இருவரோடும் நான் உடன்படாதது இதனால்தான்.

கூமிகோவை ஈரமில்லாதவள் என்ற தோழியின் தீர்ப்பை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது, ஏனென்றால் அந்தக் கேள்வி கொடிய கேள்விதான். ஆனால் அது எப்படிப் பிறக்கிறது என்று கவனியுங்கள். அவள் புண்படுத்த நினைக்கவில்லை. ஆறுதல் சொல்லவும் நினைக்கவில்லை. உள்ளே இருந்தது தவறி வெளியே விழுந்துவிட்டது. அதில் முள்ளாக இருப்பது ‘ஹொன்கி தே’ என்ற சொல். ‘நிஜமாகவே’ என்று நீங்கள் எழுதியிருப்பது பொருத்தமே, என்றாலும் அதில் முழு மனத்தோடு, விளையாட்டாக அல்லாமல் என்ற பொருளும் சேர்ந்திருக்கிறது. தேசியப் போட்டியே இலக்கு என்று குழுவில் எல்லோரும் வாயால் சொல்லியிருப்பார்கள், அதை முழு மனத்தோடு சொன்னவள் ஒருத்திதான் என்பதைக் கூமிகோ தன்னை அறியாமலே அம்பலப்படுத்துகிறாள். அந்த நொடியில் வெட்கப்பட வேண்டியவள் ரெய்னா அல்ல என்பதும் அவளுக்கே புரிந்துவிடுகிறது. உயர்நிலைப் பள்ளிக்கு வந்து, அங்கே ரெய்னாவும் சேர்ந்திருப்பதைக் கண்டதும் கூமிகோ பதறுவது அதனால்தான்.

ஆக, பார்ப்பவர்கள் இரு அணியாகப் பிரிந்தது காட்சியின் பழுது அல்ல. இயக்குநர் தட்சுயா இஷிஹாராவும், தொடர் நெறியாளர் நவோகோ யமடாவும், திரைக்கதை எழுதிய ஜுக்கி ஹனடாவும் நம்மைக் கூமிகோவின் அருகில் நிறுத்திவிட்டு, நாம் என்ன கேட்டிருப்போம் என்று காத்திருக்கிறார்கள். நீங்கள் ‘ஏன் அழ வேண்டும்?’ என்று கேட்டீர்கள். கூமிகோ கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். திணறடித்தது என்கிறீர்கள், நான் அதைத் திட்டமிட்ட அமைப்பு என்பேன். ‘தமெகின்’ என்ற சொல்லுக்கு வசன வரியில் ஒரு சிறு குறிப்பாவது இருந்திருக்கலாம் என்பதில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன், ஆனால் அந்தப் பிழை மொழிபெயர்ப்பைச் சேர்ந்தது.

எதுவுமே நடக்கவில்லை என்ற நண்பருக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பழக்கமானவர்கள் அதிகம் வராத பள்ளி, பிடித்தமான சீருடை, இதுவரை வாசித்துவந்த யூஃபோனியம் என்ற பித்தளைக் காற்றுக் கருவியை விட்டு வேறு எதையாவது தொடலாம் என்ற எண்ணம் ஆகியவற்றோடு புதுவாழ்வு தேடி கிடாஉஜி பள்ளிக்கு வருகிறாள் கூமிகோ. புதியவர்களை வரவேற்க அப்பள்ளிக் குழு வாசிக்கிறது. அவள் முகம் சுளிக்கிறது. இசையை விட்டுவிட நினைப்பவளின் காது அவளைக் கேட்காமலே தீர்ப்பு வழங்கிவிடுகிறது, கதையில் நடந்த பெரிய நிகழ்ச்சி அது. அந்த வாசிப்பு மோசமானது என்பதை எந்த வசனமும் சொல்வதற்கு முன் நமக்கும் கேட்டாக வேண்டும் என்பதே இதிலுள்ள சிக்கல். தொடரின் குழு வாசிப்புகளைப் பதிவு செய்தவர்கள் சென்சொக்கு இசைக் கல்லூரியின் மாணவர்கள். கதையில் குழு தேறத் தேற ஒலியும் படிப்படியாகத் தேற வேண்டும் என்பதால், நன்றாக வாசிக்கத் தெரிந்த அவர்கள் முதலில் நம்பும்படி மோசமாக வாசிக்க வேண்டியிருந்தது. சுருதி சற்று விலகி, தொடக்கம் சற்று முன்பின்னாகி, ஆனால் கேலிக்கூத்தாகிவிடாமல் வாசிப்பது எளிதல்ல. (இசை பயிலும் யாரிடமாவது வேண்டுமென்றே அபசுரம் பாடச் சொல்லிப் பாருங்கள், மிகைப்படுத்திவிடுவார்கள்.) உங்கள் நண்பர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து வைத்திருந்தாரோ என்னவோ.

‘கே-ஆன்’ ஒப்பீடு இயல்பானதுதான். அதே கியோட்டோ அனிமேஷன் நிறுவனம், 2009-இல் அதே யமடாவின் இயக்கத்தில் எடுத்தது. அதில் ‘எளிய இசை மன்றம்’ என்றால் எளிதாக எதையாவது தட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்துச் சேர்கிறாள் நாயகி. போட்டி இல்லை, நடுவர் இல்லை. தேநீரும் கேக்கும் உண்டு. அதன் முகப்புப் பாடலும் இறுதிப் பாடலும் ஜப்பானின் ஒரிகான் இசை விற்பனைப் பட்டியலின் முன்வரிசையில் ஏறின, 2010-இல் இரண்டாம் பருவத்தின் முகப்புப் பாடல் முதலிடத்தையே பிடித்தது. அந்த இனிமையை எதிர்பார்த்து வந்தவருக்கு, 2015-இல் ஒளிபரப்பான இத்தொடர் ஓர் அழுகையில் தொடங்குவது ஏமாற்றமாகத்தான் இருக்கும். அயானோ டகேடாவின் நாவலிலிருந்து பிறந்த கதை இது, மன்றம் என்பதற்கு இதில் பொருளே வேறு. இரண்டாம் அத்தியாயத்தில் புதிய ஆசிரியர் டாக்கி, தேசியப் போட்டியா, மகிழ்ச்சியாக வாசிப்பதா என்று கையுயர்த்தச் சொல்லும்போது, கூமிகோ எதற்கும் கையுயர்த்துவதில்லை. முதல் காட்சியின் ‘நிஜமாகவே’ என்ற சொல் அங்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் தோழியிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள். 12ஆம் அத்தியாயம் வரை பொறுத்தால், உஜி ஆற்றுப் பாலத்தின் மேல் கண்ணீரோடு ஓடும் ஒரு பெண்ணைக் காண்பார். அன்று ரெய்னா சொன்ன அதே ‘குயாஷீ’ அவள் வாயிலிருந்து வரும். ஓடுகிறவள் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை, அவரே ஊகித்துவிடுவார். நான்காவது நண்பருக்கு ‘கே-ஆன்’ தொடரையே மறுபடி போட்டுக் காட்டுங்கள். அதுவும் நல்ல தொடர்தான்.

அன்புடன்,
ஆசிரியர்