வேலூரிலிருந்து கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (Laurie Baker) கட்டிய கட்டடங்களைப் பார்க்கப் போவதென்றால் எங்கே தொடங்கலாம்?

திருவனந்தபுரத்தில்தான். காட்பாடியில் ராத்திரி மெயில் ஏறினால் மறுநாள் மதிய வாக்கில் இறங்கிவிடலாம். ஆட்டோவெல்லாம் பிடிக்க வேண்டாம். தம்பானூர் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே சிவப்புச் செங்கல் கோபுரமாக இந்தியன் காபி ஹவுஸ் நிற்கும். உள்ளே படிக்கட்டு கிடையாது, மாடி மாடியாகவும் கிடையாது. தரையே சரிவாகச் சுழன்று மேலே போகும். சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் கொத்து வேலையாகவே கட்டியிருக்கும். சுவரில் விட்ட சிறு ஓட்டைகள் வழியாக வெளிச்சமும் காற்றும் வரும். சாய்தளத்தில் உட்கார்ந்து காபி குடிப்பது முதலில் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும்!

அப்புறம் அதே நகரத்தில் உள்ளூர் (Ulloor) என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் (Centre for Development Studies). அதுவும் பேக்கர் கட்டியதுதான். ஆய்வு நிறுவனம் என்பதால் முன்பே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்த இடங்களை அங்கே பார்க்கலாம்.

வீடு கட்டப் போகிறவர் என்றால் உங்கள் மேஸ்திரியையும் கூட்டிப் போங்கள். பேக்கர் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ (rat-trap bond) என்ற சுவர் கட்டும் முறையில் செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் கட்டுவார்கள். நடுவில் இடைவெளி விழுவதால் கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், சூடும் உள்ளே சீக்கிரம் இறங்காது. நம் வேலூர் வெயிலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பூசாமல் விடும் சுவர் என்பதால் கல் மட்டும் நல்ல சூளைக் கல்லாக இருக்க வேண்டும்.